சட்டம் கேளுங்கள்: வாடகை வழக்கும் செயற்கை நுண்ணறிவும்

கேள்வி: சென்னையில் நான்கு ஆண்டுகள் குடியிருந்த வாடகை வீட்டைக் காலி செய்து மூன்று மாதங்கள் ஆகின்றன. பெயின்ட் அடித்த செலவு, கீசர் பழுது, தண்ணீர்க் குழாயின் திருகு (டேப்) மாற்றியது என்று கணக்குக் காட்டி, வீட்டு உரிமையாளர் அட்வான்ஸ் தொகை முழுவதையும் நிறுத்தி வைத்திருக்கிறார். வாட்ஸ்அப் உரையாடல், யூபிஐ ரசீதுகள், புகைப்படங்கள் எல்லாம் என்னிடம் கலந்து கிடக்கின்றன. செயற்கை நுண்ணறிவு மென்பொருளைக் கொண்டு இவற்றிலிருந்து வழக்குக்கான சான்றுகளைத் தயாரிக்கலாமா?
- வாசகி, வேளச்சேரி

பதில்: இருக்கும் சான்றுகளை அடுக்குவதற்கும் தேடி எடுப்பதற்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். இல்லாத சான்றை உருவாக்கவோ, இருக்கும் சான்றை மெருகேற்றவோ அதை விடக்கூடாது.

முதலில், எதை மெய்ப்பிக்க வேண்டும் என்பதில் தெளிவு வேண்டும். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின்படி, வாடகைதாரர் வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், அவர் தர வேண்டிய பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதி முன்பணத்தை உரிமையாளர் திருப்பித் தர வேண்டும். பராமரிப்பில் எது யார் பொறுப்பு என்பதை அதே சட்டத்தின் இரண்டாம் அட்டவணை பிரித்துச் சொல்கிறது. வெள்ளையடிப்பதும் கதவு, ஜன்னல்களுக்குப் பெயின்ட் அடிப்பதும் உரிமையாளரின் பட்டியலிலும், டேப் மாற்றுவதும் கீசர் பழுதும் வாடகைதாரரின் பட்டியலிலும் இருக்கின்றன. ஆகவே உங்கள் வழக்கில் மூன்று கழிவுகளும் ஒரே தரத்தில் இல்லை. பெயின்ட் செலவை வலுவாக மறுக்கலாம், மற்ற இரண்டில் செலவு நியாயமானதா, ரசீது இருக்கிறதா என்றே கேட்க முடியும். ஒப்பந்தத்தில் இதுபற்றி வேறு வாசகம் இருக்கிறதா என்பதையும், ஒப்பந்தம் வாடகை அதிகாரியிடம் பதிவாகியிருக்கிறதா என்பதையும் வழக்கறிஞரிடம் காட்டிக் கேளுங்கள். பதிவாகாத ஒப்பந்தத்தைச் சான்றாக ஏற்பதற்கு எதிர்ப்பு வரும்.

இனி மென்பொருளுக்கு வருவோம். ஸ்கிரீன்ஷாட்களைத் துண்டு துண்டாகச் சேர்ப்பதைவிட, வாட்ஸ்அப்பிலேயே இருக்கும் ஏற்றுமதி வசதியால் முழு உரையாடலையும் ஒரே கோப்பாக எடுத்து, அதன் நகலை மட்டும் மென்பொருளுக்குக் கொடுங்கள். மூல உரையாடலைத் தொலைபேசியிலிருந்து அழிக்காதீர்கள், வழக்கு முடியும்வரை தொலைபேசியையும் மாற்றாதீர்கள். தேதிவாரியாக ஓர் அட்டவணை கேளுங்கள். ஒவ்வொரு வரிசையிலும் யார் சொன்னது, அவர் எழுதிய சொற்கள் மாறாமல் எவை, எந்தக் கோப்பில் எந்த இடத்தில் இருக்கிறது என்பவை இருக்க வேண்டும். மூலத்தைக் காட்டாத வரிசையை அடித்துவிடுங்கள். சுருக்கம் கேட்பது ஆபத்தானது. “அடுத்த மாதம் பார்க்கலாம்” என்று உரிமையாளர் நழுவிப் பேசியது, சுருக்கத்தில் “அடுத்த மாதம் தருவதாக ஒப்புக்கொண்டார்” என்று மாறிவிடக்கூடும். அதைப் பிரமாணப் பத்திரத்தில் நீங்கள் எழுதிவிட்டால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த ஒரு வரியை வைத்தே உங்கள் நம்பகத்தன்மையைக் கேள்விக்குள்ளாக்குவார்.

பலரும் கேட்க மறப்பது ஒன்று உண்டு: இதே உரையாடலில் தமக்கு எதிராக என்ன இருக்கிறது என்பது. சுவரில் ஆணி அடித்ததை ஒப்புக்கொண்ட செய்தி, கடைசி மாத வாடகை தாமதமானதற்கு மன்னிப்புக் கேட்ட செய்தி போன்றவற்றைத் தேடித் தரச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால், இந்த மென்பொருளால் கிடைக்கும் பெரிய பயன் இதுதான், ஏனென்றால் நம்முடைய கண் நமக்குச் சாதகமானதை மட்டுமே பொறுக்கும்.

வாடகை நீதிமன்றம் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் விதிகளால் கட்டுப்பட்டதல்ல. இரு தரப்புக்கும் சொல்ல வாய்ப்பளிப்பது போன்ற இயற்கை நீதிக் கோட்பாடுகளின்படி விசாரிக்கிறது. ஆயினும் பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்திடுபவர் நீங்கள். நீதிமன்றத்தில் கேட்டால் ஒவ்வொரு வரிக்கும் நீங்களே பதில் சொல்ல வேண்டியிருப்பதால், அதன் வாசகம் உங்களுடையதாக இருக்கட்டும்.

கேள்வி: என் வீட்டில் குடியிருப்பவர் வாடகை பாக்கியை ஒப்புக்கொண்டு தொலைபேசியில் பேசியது பதிவாகியிருக்கிறது. இரைச்சல் அதிகம். செயற்கை நுண்ணறிவால் ஒலியைத் தெளிவாக்கி, எழுத்தாக மாற்றிக் கொடுக்கலாமா? வீடு சேதமடைந்த படங்களும் இருட்டாக இருக்கின்றன.
- வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பதிவான கோப்பு எப்படி இருக்கிறதோ அப்படியே அது முதன்மையாக இருக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63ஆம் பிரிவு, பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவுக்கு மாற்றாக வந்திருக்கிறது. மின்னணுப் பதிவின் நகலைத் தாக்கல் செய்யும்போது அதனுடன் ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். அதன் முதல் பகுதியில் தாக்கல் செய்பவரும், இரண்டாம் பகுதியில் நிபுணரும் கையெழுத்திட வேண்டும், கோப்பின் ஹாஷ் மதிப்பையும் குறிப்பிட வேண்டும். ஹாஷ் என்பது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் ஓர் எண்ணெழுத்துச் சரம். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அது முற்றிலும் வேறாகிவிடும். மூலக் கருவியையே நீதிமன்றத்தில் காட்டினாலன்றி இச்சான்றிதழ் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2020இல், பழைய சட்டத்தின் கீழ் வந்த அர்ஜுன் பண்டித்ராவ் கோத்கர் வழக்கில், உறுதிபடச் சொன்னது.

இரைச்சல் நீக்கிய ஒலியைக் கேட்பதற்கு வசதியான தனி நகலாகத் தரலாம், ஆனால் எந்த மென்பொருளால் என்ன செய்யப்பட்டது என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள். எழுத்து வடிவத்தைத் தாக்கல் செய்வதற்கு முன், பதிவை நீங்களே கேட்டு வரிக்கு வரி திருத்துங்கள். கொங்கு வட்டாரப் பேச்சும் இடையிடையே வரும் ஆங்கிலமும் எண்களும் இம்மென்பொருள்களிடம் பிழையாகும் இடங்கள், உங்கள் வழக்கோ எண்ணைப் பற்றியது.

படங்களில் இன்னும் கண்டிப்பு தேவை. வெளிச்சத்தைக் கூட்டுவது வேறு, செயற்கை நுண்ணறிவு கொண்டு கூர்மையாக்குவது வேறு. பின்னது இல்லாத விவரத்தை ஊகித்து நிரப்புகிறது. சுவரில் இருந்த நிழல் விரிசலாகத் தோன்றலாம். பொய்ச் சான்று புனைவதற்குப் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதாவின் 229ஆம் பிரிவில், நீதிமன்ற நடவடிக்கை என்றால் ஏழு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை இருக்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில் எடுத்த நேரம் முதலிய உள்விவரங்கள் நீங்கிவிடுவதால், தொலைபேசியில் இருக்கும் மூலப் படத்தையே எடுத்து வையுங்கள்.

கேள்வி: மென்பொருள் எனக்குச் சாதகமாக ஐந்து தீர்ப்புகளைக் கொடுத்தது. மனுவில் சேர்க்கலாமா?
- வாசகர், மதுரை

பதில்: ஒவ்வொன்றையும் தேடிப் படிக்காமல் சேர்க்காதீர்கள். 2023இல் நியூயார்க்கில், மாட்டா எதிர் அவியான்கா வழக்கில், சாட்ஜிபிடி கற்பனையாகக் கொடுத்த தீர்ப்புகளைத் தாக்கல் செய்த வழக்கறிஞர்களுக்கு நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை இ-எஸ்சிஆர் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

தமிழ்நாட்டு வழக்குகளில் கற்பனைத் தீர்ப்பைவிட அடிக்கடி இடறக்கூடியது காலாவதியான சட்டம். 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் பல பத்தாண்டுகளாகக் குவிந்த தீர்ப்புகளை மென்பொருள் எடுத்துத் தரும். அந்தச் சட்டமோ 2017ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்டுவிட்டது. குடியிருப்புக்கு இரண்டு மாத முன்பணமே உச்சம் என்று சொன்னால், அது மத்திய அரசின் 2021ஆம் ஆண்டு மாதிரி வாடகைச் சட்டம். அது மாநிலங்கள் எடுத்தாள்வதற்கான மாதிரி மட்டுமே. நம் சட்டத்தில், ஒப்பந்தம் வேறு விதமாகச் சொல்லாவிட்டால், மூன்று மாத வாடகைதான் வரம்பு.

கேள்வி: எதிர்த்தரப்பு தாக்கல் செய்த படமே செயற்கை நுண்ணறிவால் செய்யப்பட்டது போலத் தெரிகிறது. என்ன செய்வது?
- வாசகி, திருச்சி

பதில்: உங்கள் பதில் மனுவிலேயே அந்தப் படத்தை மறுத்து, மூலக் கோப்பையும் அது எடுக்கப்பட்ட தொலைபேசியையும் 63ஆம் பிரிவுச் சான்றிதழையும் காட்டுமாறு கோருங்கள். “90 விழுக்காடு போலி” என்பது போன்ற இணையத்தளக் கணிப்பை மட்டும் நம்பி நிற்காதீர்கள்; அத்தகைய கணிப்புகள் தவறுவதுண்டு. அதே அறையை அதே கோணத்தில் நீங்கள் முன்பு எடுத்த படம் ஏதேனும் இருந்தால், அதன் சான்றிதழோடு சேர்த்துத் தாக்கல் செய்யுங்கள்.