முதல் அமர்வில் எதைச் சொல்வது?

இந்த இதழில், தனியாகத் தொழில் செய்யும் உளவியலாளரை நாடிச் செல்வது பற்றி வந்த மூன்று கடிதங்களுக்கு எமது உளவளத்துணையாளர் பதில் அளிக்கிறார். எழுதியவர்களின் பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி: நான் உப்புவெளியில் வசிக்கும் ஓர் ஆசிரியை. கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். ஒன்றரை வருடமாக இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் பிறகு தூக்கமில்லை. நெஞ்சு இறுக்கமும் தலைப்பாரமும் இருக்கின்றன. 2004ஆம் ஆண்டு கடல் வந்தபோது தங்கையைப் பறிகொடுத்தேன். மார்கழி நெருங்கினால் எல்லாம் கூடிவிடும். மாமி நூல் கட்டிவிட்டு, நேர்த்தியும் வைத்திருக்கிறார். நான் ஒருவருக்கும் சொல்லாமல், நகரத்தில் உள்ள ஓர் உளவியலாளரிடம் வருகிற சனிக்கிழமைக்கு நேரம் எடுத்திருக்கிறேன். போய் எங்கே தொடங்குவது? "விசருக்கு மருந்து எடுக்கிறாள்" என்று கதை பரவினால் பாடசாலையில் எப்படி முகம் கொடுப்பது? சில இரவுகளில், எனக்கு விடியாமலே போனால் நல்லது என்றும் தோன்றுகிறது.

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்கே முதலில் பதில் எழுதுகிறேன். மாதக்கணக்கில் தூக்கம் கெட்டவர்களுக்கு இப்படி ஓர் எண்ணம் வருவது அபூர்வமும் அல்ல, வெட்கப்பட வேண்டியதும் அல்ல. ஆனால் கடிதத்தில் வைத்ததுபோல அமர்விலும் அதைக் கடைசிக்கு வைக்காதீர்கள். சனிக்கிழமை உட்கார்ந்தவுடன் சொல்லவேண்டியது அதுதான். அதற்கிடையில் ஏதாவதோர் இரவு அந்த எண்ணம் வலுத்தாலோ, எப்படி, எப்போது என்று மனம் திட்டமிடத் தொடங்கினாலோ, சனிக்கிழமை வரை பொறுத்திருக்க வேண்டாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை இரவிலும் அழைக்கலாம்; திருகோணமலை வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு நேரே போகலாம்; மாமியை எழுப்பி, "இன்றைக்கு என்னோடு படுங்கள்" என்று கேட்கலாம், காரணத்தை விடிந்தபின் சொல்லலாம்.

இனி, எங்கே தொடங்குவது என்ற கேள்விக்கு வருகிறேன். நடந்ததை முதலிலிருந்து முடிவுவரை ஒழுங்காகச் சொல்லவேண்டும் என்று நினைத்து, அது வாயில் வராததால் வாசல்வரை வந்து திரும்பியவர்களை எனக்குத் தெரியும். முதல் அமர்வு கதை ஒப்புவிக்கும் இடமல்ல. உளவியலாளர் உங்களை அறிந்துகொள்வதற்கு எவ்வளவோ, அவ்வளவுக்கு நீங்கள் அவரை அறிந்து, இவரோடு வேலை செய்யலாமா என்று முடிவெடுப்பதற்கும் உரியது அந்த நேரம். "நெஞ்சு இறுக்குது, தலை பாரமாக இருக்குது, இரண்டு மணிக்கு முழிப்பு வருது" என்று எனக்கு எழுதியதை அப்படியே சொன்னால் போதும். நம்மவர்களின் மனத்துயரம் பெரும்பாலும் உடம்பின் மொழியில்தான் வரும். அதை விளங்கிக்கொள்வது உளவியலாளரின் பொறுப்பு. சொல்ல வராவிட்டால், ஒரு தாளில் நாலு வரி எழுதிக்கொண்டு போய், அதைக் கையில் கொடுத்துவிடுங்கள்.

சனலிங்கில் வைத்தியரைப் பார்த்துப் பழகிய நமக்கு ஐந்து, பத்து நிமிடத்தில் துண்டு எழுதித் தருவார்கள் என்ற எதிர்பார்ப்பு இருக்கிறது. இங்கே அப்படியல்ல. ஓர் அமர்வு வழக்கமாக 45 முதல் 50 நிமிடம் வரை நீளும். தொடக்கத்தில் ஒரு படிவமும், இரகசியம் பேணுவது பற்றிய சம்மதத் தாளும் தரப்படலாம். கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு தாளும் தரப்படலாம். ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை புள்ளி உண்டு. ஆசிரியை என்பதால் சொல்கிறேன், அது பரீட்சைத்தாள் அல்ல, அதில் நல்ல புள்ளி வாங்க முயலாதீர்கள். அதன் ஒன்பதாவது கேள்வி, உங்கள் கடைசி வரியில் இருப்பதைத்தான் கேட்கிறது. அங்கே உள்ளதை உள்ளபடி குறியுங்கள்.

பல வருடங்களுக்கு முன் என்னிடம் வந்த ஓர் அம்மா, நாற்பது நிமிடமும் மழைக்கு ஒழுகும் கூரையைப் பற்றியே கதைத்தார். நேரம் முடிந்து, எழுந்து, குடையை எடுத்து, கதவடியில் ஒரு காலில் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தபோது, என்னைப் பார்க்காமலே, "நாளைக்குத்தான் மகன் காணாமல்போன திகதி" என்றார். அன்றிலிருந்து, அமர்வு முடியப் பத்து நிமிடம் இருக்கும்போதே, சொல்லாமல் விட்டது ஏதும் உண்டா என்று கேட்டுவிடுகிறேன். உங்கள் உளவியலாளர் கேட்காவிட்டால், மணிக்கூட்டைப் பார்த்து நீங்களே சொல்லிவிடுங்கள்.

தங்கையின் மரணத்தை அன்றே விவரிக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. "2004இல் தங்கையை இழந்தேன், அதைப் பற்றி இப்போது கதைக்க ஏலாது" என்ற ஒரு வசனம் முதல் நாளுக்குத் தாராளம். கடல்கோளுக்குப் பிறகு நம் கரையோர முகாம்களில், முன்பின் தெரியாதவர்கள் வந்திருந்து, நடந்ததைச் சொல், அழு, படமாக வரை என்று கேட்டதை நீங்களும் கண்டிருக்கலாம். பேரிடருக்குப் பின் ஒரே அமர்வில் எல்லாவற்றையும் வற்புறுத்திச் சொல்லவைக்கும் அந்த முறையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. நல்ல உளவியலாளர் முதலில் உங்கள் தூக்கத்தையும், அன்றாட வாழ்க்கையையும் நிலைப்படுத்திக்கொண்டு, நீங்கள் இசையும்போதுதான் அந்தக் கதவைத் தொடுவார். வருபவரைத் துருவித் துருவி அழவைப்பதைத் திறமை என்று எண்ணுபவர் இருந்தால், அவரிடம் போகாமல் இருப்பதே நல்லது.

ஊர்க்கதை பற்றிய உங்கள் பயத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. பத்திரகாளி அம்மன் கோயிலடியில் கண்டவரை மாலையில் மீன் சந்தையிலும் காணும் நகரம் இது. ஆகவே முதல் அமர்விலேயே மூன்று விடயங்களை வாய்விட்டுக் கேளுங்கள். குறிப்புகளை எங்கே வைத்திருக்கிறார், வேறு யார் அவற்றைப் பார்ப்பார்கள். எந்த நிலையில் மாத்திரம் இரகசியத்தை மீறுவார் (உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ உடனடி ஆபத்து, சிறுவர் துன்புறுத்தல் ஆகியவை வழக்கமான விதிவிலக்குகள்). வெளியில் கண்டால் எப்படி நடந்துகொள்வார். நீங்கள் முதலில் கதைக்காவிட்டால் அவரும் தெரியாதவர் போலக் கடந்துபோவது இத்தொழிலின் பொதுவான வழக்கம். அவர் உங்கள் உறவினராகவோ, உங்களிடம் படிக்கும் பிள்ளையின் பெற்றோராகவோ இருந்தால் அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள், வேறொருவரை அவரே காட்டுவார்.

அவருடைய படிப்பையும் பதிவையும் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. பெயர்ப்பலகையை மட்டும் வைத்து, பல வருடம் மேற்பார்வையின் கீழ்ப் பயின்றவரையும் சில வாரப் பயிற்சி முடித்தவரையும் வேறுபடுத்த முடியாது. கட்டணம் எவ்வளவு, வரமுடியாத நாளை எத்தனை மணித்தியாலம் முன் அறிவிக்க வேண்டும் என்பவற்றையும் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பணம் பாரமானால், வைத்தியசாலையின் மனநலப் பிரிவிலும், பிரதேச செயலகத்தின் உளவளத்துணை உத்தியோகத்தரிடமும் கட்டணமின்றிச் சேவை பெறலாம். அது எந்த வகையிலும் இரண்டாந்தரம் அல்ல.

உளவியலாளர் மருந்து எழுதுவதில்லை. அது மனநல வைத்தியரின் வேலை. ஏற்கெனவே ஏதாவது குளிசை எடுப்பவரானால் நீங்களாக நிறுத்தாமல், கிளினிக் கொப்பியையும் கொண்டுபோங்கள். தைரோயிட் குறைபாடும் இரத்தச்சோகையும் களைப்பையும் மனச்சோர்வையும் போலத் தோற்றம் காட்டும் என்பதால், ஓர் இரத்தப் பரிசோதனையும் செய்துகொள்வது நல்லது. மாமி கட்டிய நூலை அறுக்க வேண்டியதில்லை. அது அவருடைய அக்கறை. உளவியலாளரும் அதைக் கேலி செய்யக்கூடாது.

கேள்வி: நகரத்தில் கடை வைத்திருக்கிறேன். கோபம் கட்டுக்கடங்காமல் போனதால் உளவியலாளரிடம் இரண்டு முறை போனேன். "பொறுமையாக இருங்கள், நடைப்பயிற்சி செய்யுங்கள்" என்றார். இதை என் அண்ணனே சொல்வார். நிறுத்திவிடட்டுமா?

பதில்: ஐயா, நிறுத்துவதற்கு முன் இன்னொரு முறை போய், எனக்கு எழுதியதையே அவர் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். எட்வர்ட் போர்டின் என்ற உளவியலாளர் 1979ஆம் ஆண்டிலேயே, சிகிச்சை பலன் தர இருவருக்குமிடையே மூன்று இருக்கவேண்டும் என்றார்: எதை நோக்கிப் போகிறோம் என்பதில் உடன்பாடு, அதற்கு எதைச் செய்வது என்பதில் உடன்பாடு, ஒருவரையொருவர் நம்பும் பிணைப்பு. உங்களுக்கு இரண்டாவது இன்னும் அமையவில்லை போலத் தெரிகிறது. கோபம் எந்த நேரத்தில், யாரோடு, உடம்பில் எங்கே தொடங்குகிறது என்று இருவரும் சேர்ந்து பார்க்கவேண்டும். ஒரு வாரம் அதைக் கொப்பியில் குறித்துவரச் சொல்வதும் வழக்கம். இப்படியான சிகிச்சைகள் பெரும்பாலும் ஆறு முதல் இருபது அமர்வுகள் வரை செல்லும் என்பதால் இரண்டு என்பது குறைவுதான். ஆயினும், உங்கள் முறைப்பாட்டைக் கேட்டு அவர் முகம் சுளித்தாலோ, அடுத்த இரண்டு அமர்வுகளிலும் எதுவும் மாறாவிட்டாலோ, நன்றி சொல்லிவிட்டு வேறொருவரிடம் போங்கள். அவரைவிட்டு விலகுவது சிகிச்சையை விட்டு விலகுவதாகாது.

கேள்வி: மூதூரிலிருந்து எழுதுகிறேன். என் மகனுக்கு 19 வயது. உயர்தரப் பரீட்சைக்குப் பிறகு அறையைவிட்டு வெளியே வருவதில்லை. கொழும்பிலுள்ள ஒருவர் காணொளி அழைப்பில் கதைப்பதாகச் சொல்கிறார்; மகன் மறுக்கிறான். ஏதாவது சொல்லி ஏமாற்றி அவர் முன்னால் உட்காரவைக்கலாமா?

பதில்: வேண்டாம், ஐயா. ஏமாற்றி உட்காரவைத்தால் ஒரு அமர்வு கிடைக்கும், மகனின் நம்பிக்கை போய்விடும். அவர் வயது வந்தவர். அவருடைய சம்மதம் இல்லாமல் எந்த உளவியலாளரும் தொடங்கக்கூடாது. முதல் அமர்வை நீங்களே எடுங்கள். சாப்பாடு, தூக்கம், தனக்குள் கதைக்கிறாரா, சாவைப் பற்றி ஏதாவது சொன்னாரா என்பவற்றை உளவியலாளரிடம் சொல்லி, வீட்டில் எப்படிக் கதைப்பது என்று கேட்டுக்கொள்ளுங்கள். கடைசி இரண்டில் ஒன்று இருந்தாலும் மனநல வைத்தியரைத் தாமதமின்றிப் பார்க்கவேண்டும். இல்லாவிட்டால், "நான் எனக்காக ஒருவரோடு கதைக்கிறேன், தமிழில்தான் கதைக்கிறார், விரும்பினால் நீயும் ஒருநாள் கதைத்துப் பார்" என்று ஒரே ஒருமுறை சொல்லிவிட்டு, அவர் சம்மதிக்கும் நாளில் அந்த ஒரு மணித்தியாலம் வீட்டில் வேறு எவரும் கதவடியில் நிற்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.