முனைவர் பட்டத்துக்குப் பின் எந்தக் கதவு முதலில் மூடும்?

கேள்வி: வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றுள்ளேன். வயது 34. அரசு கலைக் கல்லூரி ஒன்றில் நான்கு ஆண்டுகளாகக் கௌரவ விரிவுரையாளர். மாதம் 25 ஆயிரம் ரூபாய், அதுவும் பதினொரு மாதங்களுக்கு மட்டும். தனியார் நிறுவனங்களில் கேட்டால், ‘இவ்வளவு படித்தவர் இங்கே நிலைக்க மாட்டீர்கள்’ என்கிறார்கள். பட்டம் வீண்தானா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

வீண் இல்லை. ஆனால், பட்டம் இருந்தால் வேலை தானே வரும் என்று உங்களை நம்ப வைத்தவர்கள் தவறு செய்திருக்கிறார்கள். பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் பணிக்கு முனைவர் பட்டம் கட்டாயம் என்றிருந்த விதியைப் பல்கலைக்கழக மானியக் குழு 2023 ஜூலையில் தளர்த்தி, நெட், செட் ஆகிய விரிவுரையாளர் தகுதித் தேர்வுகளில் தேர்ச்சியே குறைந்தபட்சத் தகுதியாகப் போதும் என்று அறிவித்துவிட்டது. இணைப் பேராசிரியராக உயர்வதற்கு மட்டும் பட்டம் இன்றும் இன்றியமையாதது. எனவே அரசுக் கல்லூரிப் பணிக்கு ஆசிரியர் தேர்வு வாரியத்தின் அறிவிப்பு வரும்போது விண்ணப்பியுங்கள். அதற்காகவே காத்திருக்க வேண்டாம்.

உங்கள் வயதில், எது பிடிக்கும் என்பதற்கு முன் எது முதலில் மூடும் என்று பார்ப்பதே சரி. காப்புரிமை அலுவலகத்தில் ஆய்வாளர் பணிக்கு 2023ஆம் ஆண்டுத் தேர்வில் பொதுப்பிரிவு வயது வரம்பு 35. அடுத்த அறிவிப்பு எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்பதால், பாடத்தை இப்போதே படித்து வையுங்கள். முனைவர் பட்டத்துக்குப் பின் ஆய்வைத் தொடர்பவர்களுக்கான தேசிய முதுமுனைவர் ஆய்வு உதவித்தொகைக்கும் வரம்பு 35தான் என்றாலும், பெண்களுக்கு ஐந்தாண்டுத் தளர்வு உண்டு. அதற்கு ஒரு வழிகாட்டியின் ஒப்புதல் தேவை. காரைக்குடியிலுள்ள மின்வேதியியல் ஆய்வகம், அடையாற்றிலுள்ள தோல் ஆய்வகம் போன்ற இடங்களில் உங்கள் துறையோடு ஒட்டி வேலை செய்பவர்களுக்கு, அவர்களுடைய கட்டுரையைப் படித்துவிட்டு எழுதுங்கள். நூறு பேருக்கு ஒரே மின்னஞ்சலை அனுப்புவதால் பயனில்லை. அத்தகைய ஆய்வகங்களின் திட்டப் பணிகளில் முனைவர்களுக்கான ஆய்வு இணையர் ஊதியம், மத்திய அரசின் 2023 விகிதப்படி, மாதம் 58,000 ரூபாயில் தொடங்குகிறது. வீட்டு வாடகைப்படி தனி. நிரந்தரப் பணியன்று, கௌரவ விரிவுரையாளர் பணியும் அப்படித்தானே?

மூடாத கதவும் ஒன்று உண்டு. கண்டுபிடிப்பாளர்களுக்காகக் காப்புரிமை விண்ணப்பம் தயாரிக்கும் காப்புரிமை முகவர் ஆவதற்கான தேர்வுக்குச் சட்டம் குறைந்தபட்ச வயதாக 21ஐச் சொல்கிறதே தவிர, உச்ச வரம்பு விதிக்கவில்லை. அறிவியல் பட்டமும் தேர்ச்சியும் போதும். ஒரு மருந்து மூலக்கூறு உண்மையிலேயே புதியதா என்று ஆராய்ந்து எழுதும் இந்த வேலைக்கு, ஆய்வேட்டுக்காக நூற்றுக்கணக்கான கட்டுரைகளைப் படித்துச் சலித்த பழக்கமே முதலீடு. என் பார்வையில் உங்களுக்கு மிகப் பொருத்தமானது இதுதான். வேலைவாய்ப்பைக் காட்டி முன்பணம் கேட்கும் பயிற்சி நிலையங்களிடம் மட்டும் கவனமாக இருங்கள்.

தனியார் நிறுவனங்களின் மறுப்பைப் பற்றி ஒன்று. பட்டத்தை மறைத்து விண்ணப்பிக்கும்படி சிலர் சொல்வார்கள், அது வேண்டாம். மருந்து நிறுவனத்தின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு மேலாளருக்கு உங்கள் ஆய்வுத் தலைப்பு பொருட்டல்ல. குரோமட்டோகிராஃபி கருவியை நீங்களே இயக்கினீர்களா, பழுதானபோது என்ன செய்தீர்கள், ஒரு பகுப்பாய்வு முறையை எப்படிச் சரிபார்த்தீர்கள் என்பவையே அவருக்கு வேண்டும். ஆய்வேட்டில் முதலில் நீங்கள் புரட்ட வேண்டியது ‘பொருட்களும் முறைகளும்’ என்ற இயலைத்தான்.

இரண்டு பக்கக் கடிதத்தில் ஊதியத்தைச் சொன்னீர்கள், வயதைச் சொன்னீர்கள். ஆய்வுக்கூடத்தில் என்ன செய்தீர்கள் என்று ஒரு வரிகூட இல்லை. அதை எழுதி அனுப்புங்கள். எந்த ஆய்வகத்துக்கு முதலில் எழுதலாம் என்பதை அதை வைத்துச் சொல்கிறேன்.