நூறு வரை வகுத்துப் பார்த்தால் போதுமா?

கேள்வி: பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகளிடம், 4294967297 பகா எண்ணா என்று பள்ளிக் கணித மன்றத்தில் கேட்டிருக்கிறார்கள். 100 வரையுள்ள எல்லாப் பகா எண்களாலும் வகுத்துவிட்டாள். எதுவும் மீதியின்றி வகுக்கவில்லை. பகா எண் என்றே எழுதிவிடலாமா? வீட்டுக் கால்குலேட்டரில் எட்டு இலக்கம்தான் கொள்ளும்.

பதில்: எழுத வேண்டாம். ஓர் எண் பகா எண் என்று உறுதிசெய்ய அதன் வர்க்கமூலம் வரை சோதித்தாக வேண்டும். இதன் வர்க்கமூலம் 65536-ஐச் சற்றே தாண்டுகிறது. அதற்குள் 6542 பகா எண்கள் உள்ளன. உங்கள் மகள் சோதித்தது 25 மட்டுமே.

இருந்தாலும் அத்தனையையும் சோதிக்கத் தேவையில்லை. இந்த எண் 2-இன் 32-ஆம் அடுக்குடன் 1 கூட்டினால் கிடைப்பது. 2-இன் அடுக்கு 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போகும் இதே வகையில் இதற்கு முந்தையவையான 3, 5, 17, 257, 65537 ஐந்தும் பகா எண்களாக இருந்ததால், இதுவும் அவ்வாறே இருக்கும் என்று 1640 வாக்கில் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா நம்பினார். 1732-இல் சுவிஸ் கணித அறிஞர் ஆய்லர் அதைத் தவறென்று காட்டினார்.

p என்னும் பகா எண் இதை வகுத்தால், 2-இன் 32-ஆம் அடுக்கை p-ஆல் வகுக்கும்போது மீதி −1 ஆகும் (அதாவது 1 கூட்டினால் மீதியின்றி வகுபடும்). எனவே 64-ஆம் அடுக்குக்கு மீதி 1, அதற்குக் குறைந்த எந்த அடுக்குக்கும் மீதி 1 வராது. p−1 ஆம் அடுக்குக்கும் மீதி 1 என்பது ஃபெர்மாவே கண்ட தேற்றம் (தம் கையிலிருந்த கருவியை அவர் இங்கே பயன்படுத்தாமல் விட்டது வியப்புதான்). மீதி 1 தரும் அடுக்குகள் எல்லாம் அவற்றுள் மிகச் சிறியதன் மடங்குகளே. ஆகவே p−1 என்பது 64-இன் மடங்காக இருந்தே தீரவேண்டும். அப்படிப்பட்ட பகா எண்களை வரிசையாக எழுதினால் 193, 257, 449, 577, 641 என்று வரும். முதல் நான்கும் மீதி தருகின்றன, ஐந்தாவது வகுத்துவிடுகிறது.

எட்டு இலக்கக் கால்குலேட்டரும் இதற்குப் போதும். கடைசி மூன்று இலக்கங்களை ஒதுக்கிவிட்டு 4294967-ஐ 641-ஆல் வகுத்தால் ஈவு 6700, மீதி 267. அந்த மீதியின் பின்னால் ஒதுக்கிய 297-ஐச் சேர்த்தால் 267297. அதை 641-ஆல் வகுத்தால் சரியாக 417. ஆக, 4294967297 = 641 × 6700417. இது பகு எண்.

ஆசிரியர் 6700417-ஐப் பற்றியும் கேட்கக்கூடும். அதன் காரணிகளும் மேற்சொன்ன வடிவிலேயே இருக்க வேண்டும், அதன் வர்க்கமூலமோ 2588 அளவுதான். முதல் நான்கும் ஏற்கெனவே விலகிவிட்டதால் 641, 769, 1153, 1217, 1409, 1601, 2113 ஆகிய ஏழு மட்டுமே மிஞ்சுகின்றன. 641-ஐ மறுபடி சோதிப்பது, அது இருமுறை வகுக்கக்கூடும் என்பதால். அதற்கு மீதி 44 வருகிறது. மற்ற ஆறையும் மகளே வகுத்துப் பார்க்கட்டும். ஒவ்வொன்றிலும் மீதி வரும், அந்த மீதிகளை எழுதிக் காட்டினாலே அது பகா எண் என்பதற்கு முழு நிரூபணம் ஆகிவிடும்.