பிரான்சின் கிராமப்புறப் பாதைகளில் காணப்படும் வெள்ளை-சிவப்புக் கோடுகள் எதைக் குறிக்கின்றன?

அவை 'ஜி.ஆர்.' எனப்படும் நெடுந்தூர நடைப்பயணத் தடங்களின் வழிக்குறிகள். மரத்திலோ கல்லிலோ மேலே வெள்ளையும் கீழே சிவப்புமாக இரு பட்டைகள் தீட்டப்பட்டிருந்தால் அவ்வழியே தொடர்ந்து செல்லலாம். அவ்விரு நிறக் கோடுகளும் பெருக்கல் குறிபோல் குறுக்கிட்டிருந்தால் அது தவறான வழி. தன்னார்வலர்களே இக்குறிகளுக்கு மீண்டும் மீண்டும் வண்ணம் பூசிப் பராமரிக்கிறார்கள் என்பது பெரிதும் பாராட்டத்தக்கது.

1947இல் தொடங்கிய இந்த வலையமைப்பு, யாத்திரிகர்களும் மேய்ப்பர்களும் பல நூற்றாண்டுகளாக நடந்த பழைய வழிகளைப் பெரும்பாலும் இணைத்தே உருவானது. ஏற்கெனவே உள்ள தெருக்களின் வழியே ஒரு பேருந்துத் தடம் எண் செல்வதைப் போன்றது இது. வரலாற்றுச் சின்னங்கள் வழியெங்கும் எதிர்ப்படுவதற்கும் இதுவே காரணம்.

சிறந்த சான்று, புனித யாக்கோபு யாத்திரை வழியைப் பின்பற்றும் ஜி.ஆர். 65. லு புயி நகரிலிருந்து மேய்ச்சல் பீடபூமியைக் கடந்து கோங்க் என்னும் சிற்றூருக்கு இறங்கினால், அங்குள்ள மடாலய வாயிலின் மேல் 12ஆம் நூற்றாண்டின் இறுதித் தீர்ப்புச் சிற்பத்தைக் காணலாம். அதன் வெளி வளைவில், சுருளின் விளிம்பைப் பற்றியபடி எட்டிப்பார்க்கும் சிறு முகங்களை அவசரத்தில் தவறவிட்டுவிடாதீர்கள். மேற்கே காவோர் நகரில், மூன்று கோபுரங்களுடன் 14ஆம் நூற்றாண்டின் வாலாந்த்ரே பாலம் நிற்கிறது.

நெடுந்தூரத் தடம் என்பதால் முழுவதையும் நடந்தாக வேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில், விரும்பிய ஊரில் தொடங்கி ஒரே நாளில் நடையை முடித்துக்கொள்வதற்கும் எந்தத் தடையும் இல்லை.