மஞ்சள் பட்டையை வெட்டாதீர்கள்

அன்புள்ள ஐயா,

ராகங்களை ஆண், பெண் உருவில் வரையும் ராகமாலா ஓவியங்களில், பெண்ணாக வரும் தோடி ராகினியின் படத்தை எதிரே வைத்துக்கொண்டு இரவெல்லாம் தோடி ஆலாபனை கேட்டேன். காட்டில் ஒரு பெண், கையில் வீணை, சுற்றிலும் மான்கள். படமும் அழகு, பாட்டும் அழகு, ஆனால் இரண்டும் ஒட்டவே இல்லை. வரைந்தவர்களுக்குச் சங்கீதம் தெரியாதோ? எந்த ஸ்வரத்துக்கு எந்த நிறம் என்று கணக்கு உண்டா? படத்தை இணைத்திருக்கிறேன்.

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

இரவெல்லாம் தோடி கேட்க இன்னும் ஆள் இருக்கிறது என்பதே எனக்குச் சந்தோஷம். நீங்கள் கேட்டது நம்முடைய கர்நாடகத் தோடி, படமோ வடக்கத்தித் தோடிக்கு வரைந்தது. வடக்கே தோடி என்று பாடுவது வேறு ராகம், நம் சுபபந்துவராளி ராகத்துக்குப் பக்கத்தில் வரும். நிறக் கணக்கையெல்லாம் விட்டுத்தள்ளுங்கள்.

என் கோபம் நீங்கள் அனுப்பிய படத்தின் மேல்தான். அதன் தலையை வெட்டியது யார்? ராஜஸ்தானத்து மேவாரில் ஓவியர் சாஹிப்தீன் 1628-ல் வரைந்த ராகமாலையைத் தேடிப் பாருங்கள். ஏட்டின் உச்சியில் மஞ்சள் பட்டை, அதில் நாகரி எழுத்து. ஓவியன் கையில் இருந்தது ஸ்வரமில்லை ஐயா, செய்யுள். ராகத்தை நாயகனாகவும் நாயகியாகவும் கவிகள் முன்பே பாடிவைத்திருந்தார்கள். அவர்களில் ஒருவரான க்ஷேமகர்ணர் 1570-ல் ஆறு ராகங்களுக்கும் தலா 5 மனைவி (இவர்கள்தான் ராகினிகள்), 8 பிள்ளை என்று, ராகங்களையும் சேர்த்து 84 பேருக்குக் குடும்ப அட்டையே போட்டுவிட்டார். இமயமலை அடிவாரத்துப் பஹாடி ஓவியர்கள் அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டார்கள். ராஜஸ்தானில் பெரும்பாலும் பிள்ளைகளைச் சேர்க்கவில்லை, 6 ராகமும் 30 ராகினியுமாக 36 தான்.

முன்பு ஒரு அருங்காட்சியகக் கடையில் விபாச ராகினி அஞ்சலட்டை வாங்கினேன். கட்டிலில் ஒரு பெண், பக்கத்தில் ஒருவன் வில்லை வளைத்து மேலே எங்கோ குறி பார்க்கிறான். அக்கா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, “ஏண்டா, திருடன் புகுந்துட்டானா?” என்றாள். எனக்கும் பதில் தெரியவில்லை. முழு ஏட்டைப் பார்த்தபோதுதான் புரிந்தது. கூரைமேல் ஒரு சேவல்! அது கூவினால் விடிந்துவிடும், இவளைப் பிரிய வேண்டும், அதனால் சேவலை அடிக்கப் பார்க்கிறான் அந்தப் பைத்தியக்காரக் காதலன். விபாசம் விடியற்கால ராகம். பட்டையை வெட்டிய புண்ணியவான் அதோடு சேவலையும் வெட்டிவிட்டான். அப்புறம் அங்கே ராகம் எங்கே இருக்கிறது?

நீங்களும் கைப்பேசியில் சதுரமாக வெட்டித்தான் அனுப்பியிருக்கிறீர்கள். ஒரு ஊரில் ஒரு ராகினிக்கு வரைந்த காட்சியை இன்னொரு ஊரில் வேறு ராகினிக்கு வரைந்திருக்கிறார்கள். எழுத்து போய்விட்டால் நிபுணர்களே தடுமாறுவார்கள். மானும் வீணையும் இருப்பதால் உங்களுடையது தோடிதான் என்று நம்புகிறேன். முழுப் படம் கிடைத்தால் அனுப்புங்கள்.

வடக்கத்தித் தோடியையும் ஒருமுறை கேளுங்கள். ஆனால் இரவில் வேண்டாம், அது காலை ராகம்.