இசைக் கேள்வி பதில்: செல்லோவில் கீர்த்தனையும் சினிமாப் பாட்டும்

கேள்வி: மேற்கத்திய முறையில் செல்லோ (வயலின் இனத்துப் பெரிய வாத்தியம்) கற்றவன். கல்யாணக் கச்சேரிகளில் கீபோர்டு, மிருதங்கத்தோடு கீர்த்தனையும் சினிமாப் பாட்டும் மாற்றி மாற்றி வாசிக்கிறோம். கீர்த்தனைக்காகத் தந்திகளை ச-ப-ச-ப (ஸட்ஜம், பஞ்சமம்) என்று வைத்தால் சுருதி கலைகிறது. கமகமும் (சுரத்தை அசைத்து வாசிப்பது) வழவழவென்று கேட்கிறது. என்ன செய்யலாம்?
வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: மேடையில் பிருடையை (தந்தியை முறுக்கும் திருகாணி) தொடவே வேண்டாம். ச-ப-ச-ப வைக்க டி, ஏ தந்திகளை ஒரு முழுச்சுரம் இறக்க வேண்டும். அவற்றின் இழுவிசை ஐந்தில் ஒரு பங்கு குறையும். குதிரை (தந்திகளைத் தாங்கும் கட்டை) மேலுள்ள பாரம் மாறுவதால் தொடாத தந்திகளும் நகரும். முழுக் கர்நாடகக் கச்சேரி என்றால் அப்படி வைத்துக்கொண்டே மேடையேறலாம். கலப்புக் கச்சேரிக்கு இரண்டு கட்டைதான் (டி-யை ஸட்ஜமாகக் கொள்ளும் சுருதி) வசதி. வழக்கமான சி-ஜி-டி-ஏ சுருதியில் டி தந்தி ஸட்ஜமாகவும் ஏ தந்தி பஞ்சமமாகவும் அமைந்துவிடும். கீபோர்டில் டிரான்ஸ்போஸ் (சுருதி மாற்றும் வசதி) இரண்டு ஏற்றினால் போதும். மிருதங்கக்காரரிடம் தக்கு சுருதி (தாழ்ந்த சுருதி) வாத்தியம் வேண்டுமென்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஜி தந்தி சுத்த மத்யமம், சி தந்தி கைசிகி நிஷாதம். கல்யாணி ராகம் வாசிக்கும்போது இவை இரண்டும் திறந்தபடி ஒலித்தால் ராகம் கெட்டது.

கமகம் வழுக்கக் காரணம் தூரம். செல்லோ தந்தி சுமார் 69 செ.மீ., வயலினில் 33 செ.மீ.கூட இல்லை. திறந்த தந்தியிலிருந்து ஒரு முழுச்சுரம் ஏற வயலினில் மூன்றரை செ.மீ. சொச்சம், உங்களுக்கு ஏழரைக்கு மேல். விரல் போய்ச் சேருவதற்குள் இடைச்சுரமெல்லாம் காதில் விழும். ஆகவே தோடி, பைரவி போன்ற கமகம் மிகுந்த ராகங்களை ஒரு ஸ்தாயி மேலே எடுங்கள். தந்தியின் நடுப்பகுதியில் அதே முழுச்சுரம் 3.8 செ.மீ.தான். கட்டைவிரலைத் தந்தியின் குறுக்கே கிடத்தி, ஆள்காட்டி விரலாலும் நடுவிரலாலும் அசையுங்கள். மெட்ரோனோம் 60இல் வைத்து, தட்டுக்கு ஓர் அசைவு, பிறகு இரண்டு, பிறகு நான்கு. ஸட்ஜம், பஞ்சமத்தில் விப்ரட்டோ (விரலை நடுக்கி வாசிப்பது) கூடாது. மேற்கத்தியப் பழக்கத்தில் இதுதான் கடைசியில் போகும்!

கீபோர்டு கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டு) மோகன ராகத்துக்கு ச-க-ப, த-ச-க என்று வைத்தால் ராகத்துக்கு வெளியே ஒரு சுரமும் வராது. தோடிக்குக் கார்டே வேண்டாம், ச-ப மட்டும் நிற்கட்டும்.

கேள்வி: செல்லோவைத் தரையில் உட்கார்ந்து வாசிக்க முடியுமா?
வாசகி, பாலக்கோடு

பதில்: முடியும். சாஸ்கியா ராவ்-டி ஹாஸ் இந்துஸ்தானி இசைக்கென்று மாற்றியமைத்த செல்லோவை அப்படித்தான் வாசிக்கிறார். அதில் ஐந்து வாசிப்புத் தந்திகள், பத்து அனுதாபத் தந்திகள் (வாசிக்காமலே உடன் அதிர்பவை). சாதாரண செல்லோவில் அடிக்கம்பியை (தரையில் ஊன்றும் கம்பி) முழுக்க உள்ளே தள்ளிவிட்டுப் பாருங்கள். சி தந்திப் பக்கம் வில் முழங்காலில் இடித்தால் நாற்காலியே மேல்.

கேள்வி: மண்டபத்தில் செல்லோவுக்குப் பிக்கப் (ஒலியை மின்சமிக்ஞையாக்கும் கருவி) மாட்டினால் ஒலி கீச்சென்கிறது, கூடவே ஊளையும். ஏன்?
வாசகர், தருமபுரி

பதில்: இரண்டும் வேறு வேறு கோளாறு. பியஸோ பிக்கப்பை (அதிர்வை உணரும் வகை) நேராக மிக்ஸரில் செருகினால் அடிநாதம் போய்விடும். இடையில் 1 மெகா ஓம் உள்ளீட்டு மின்தடையுள்ள பிரீஆம்ப் (முன்பெருக்கி) வையுங்கள். ஊளைக்கு, மானிட்டர் ஸ்பீக்கரைச் செல்லோவின் முன்பலகைக்கு நேரே வைக்காதீர்கள். 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடலாம், சி தந்தியே 65இல்தான் தொடங்குகிறது. அப்புறமும் ஊளையிட்டால் 90க்கும் 250க்கும் இடையே ஈக்வலைசரை மெல்ல நகர்த்தி, ஊளை வரும் இடத்தை மட்டும் குறுகலாக 6 டெசிபல் இறக்குங்கள். அந்தப் பகுதியையே மொத்தமாக இறக்கினால் செல்லோ வயோலா மாதிரி கேட்கும்.