ரோட்டைப் பாத்துட்டே இருந்தும் பைக் கண்ணுல படலையா?
"ப்ளூடூத்லதான் பேசினேன், கண்ணு ரோட்லதான் இருந்துச்சு, ஆனாலும் பெருங்குடில லெஃப்ட்ல பூந்து வந்த பைக்கை கடைசி நிமிஷம் வரைக்கும் கவனிக்கவே இல்ல"ன்னு கேட்டிருக்கீங்களே ப்ரோ, கண்ணுல கோளாறு ஒண்ணும் இருக்காது, மனசு பேச்சுல இருந்தா பார்வை நேரா நடு ரோட்லயே குத்திட்டு நின்னுடும், சைடு மிரருக்கும் ஓரத்துக்கும் போறது கொறைஞ்சிடும், ஓட்டுறவங்க கண்ணசைவை கேமரா வச்சு அளந்த ஆராய்ச்சிகள்ல இதைத்தான் திரும்பத் திரும்ப பாத்திருக்காங்க. மேப் பாக்குறது வேற கதை, அங்க கண்ணே ரோட்டை விட்டுப் போயிடும், 60ல போறப்ப 2 செகண்ட் குனிஞ்சா 33 மீட்டர், கிட்டத்தட்ட மூணு எம்டிசி பஸ் நீளம், பாக்காமலே போயிருப்பீங்க. நான் ஓஎம்ஆர்ல ஆபீஸ் கால் வந்தா எடுக்குறதே இல்ல, மேனேஜர் திட்டுவாரு, திட்டட்டும். அவசரம்னா சர்வீஸ் ரோட்ல ஓரங்கட்டிட்டு பேசுங்க.